தோலோடு சாப்பிடுங்கள்

மற்றவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். வாயுள்ள எல்லோரும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருப்பதுதான் அதிலுள்ள கஷ்டம். நீங்களும் யாருக்காவது புத்தி சொல்லிப் பிழைத்தவர் என்றால், வாத்தியாரோ, நேர்ஸோ, ரியூஷன் மாஸ்டரோ, என் அவஸ்தையை உங்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை. நாம் ஒன்று சொல்லுவோம். அவர்கள் இன்னொன்றைக் கேட்பார்கள். மூன்றாவதாக ஒன்றைச் செய்துவிட்டு நம்மிடமே திரும்பி வருவார்கள்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த சின்னக் கிளினிக்கில் நான் உணவு ஆலோசகராக இருந்தேன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கிளை. பெயர்ப்பலகையில் 'டயட்டீஷியன்' என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. வந்தவர்களுக்கு நான் 'சாப்பாட்டு மிஸ்'. படிப்பு முடித்த புதிது என்பதால் எனக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குச் சினிமா. எனக்குத் தோடம்பழத்துத் தோல்.

சுவரில் ஒரு தோடம்பழம்

எங்கள் ஆட்கள் தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் கட்டில் ஓரத்தில் இருந்து, ஊர்ப் புதினம் கதைத்துக் கதைத்து, தோலைக் கழற்றுவார். பிறகு வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுப்பார். அன்பு மிஞ்சிவிட்டால் சுளையைப் பிளந்து அதன் மெல்லிய சவ்வையும் உரித்துவிடுவார். கடைசியில் நோயாளியின் வாய்க்குப் போவது இனிப்புத் தண்ணீர். மற்றதெல்லாம் குப்பைக் கூடைக்கு. இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அதனால் நானே ஒரு படம் வரைந்து கிளினிக் சுவரில் தொங்கவிட்டேன். பாதியாக வெட்டிய தோடம்பழம், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அம்புக்குறி. வெளித்தோலில் வாசனை எண்ணெய். அதற்கு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற வெள்ளையில் பெக்டினும் ஹெஸ்பெரிடின் என்ற பொருளும். சுளையில் விற்றமின் சி, சவ்விலும் நாரிலும் மறுபடியும் ஹெஸ்பெரிடின். மரம் தன்னைப் பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ளத் தனக்காகச் செய்கிற பொருள்கள் இப்படிப் பல இருக்கின்றன. அவற்றில் சில நம் இரத்தக் குழாய்களுக்கும் நன்மை செய்யக்கூடும் என்று படித்திருந்தேன். 'கூடும்' என்ற சொல் புத்தகத்தில் இருந்தது. என் வாய்க்கு வரும்போது அது அடிக்கடி நழுவி விழுந்துவிடும்.

கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ரஃபீக் நானா ஒரு நாள் மேலே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை அம்பு அம்பாக வாசித்தார். வாசித்து முடித்துத் தலையை ஆட்டினார்.

"தோல்ல இவ்வளவு சாமான் ஈக்கிதெண்டு எல்லாருக்கும் வெளங்கினா, நான் கடய மூடிட்டுப் பழக்கட போடணும் மிஸ்."

இரண்டாவது மருந்து

செல்லத்துரை ஐயா ஓய்வுபெற்ற தபால் அதிபர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், பையில் இரண்டு பேனை, கக்கத்தில் ஒரு கோப்பு. கனடாவிலிருந்த மகன் அவரையும் மனைவியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். ஐயா முன்னதாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜில் ஓர் அறை எடுத்து, வடக்கிலிருந்து வருகிறவர்கள் செய்ய வேண்டியபடி பொலிஸில் பதிந்து, பத்திரங்களுக்காக ஓடித் திரிந்தார். மனைவி பூமணி அம்மா இன்னும் ஊரில். யுத்தத்தால் தரைப்பாதை பூட்டியிருந்தது. கப்பல் வந்தால்தான் ஆள் வரலாம். கப்பலேற அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் நிற்பதற்கு இன்னொரு வரிசை.

இருவருக்கும் விசா மெடிக்கல் ஒரே நாளில், ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம் கழித்து. ஐயாவின் பிரசரோ நூற்று ஐம்பத்தெட்டில் நின்றது. அது இறங்காவிட்டால் மேலதிக சோதனை கேட்பார்கள். கோப்பு கிடப்பில் போகும். அதற்குள் மற்றப் பத்திரங்களின் காலம் முடிந்து எல்லாம் தலைகீழாக முதலிலிருந்து தொடங்கும். ஐயாவுக்குத் தன் இரத்தத்தைப் பற்றிப் பயமில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கப்பலேறி வருகிற மனிசி தன்னால் திரும்பிப் போக வேண்டி வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். அதை அவர் மறைக்கவுமில்லை.

டொக்டர் பிரசருக்குக் குளிசை எழுதிவிட்டு, சாப்பாட்டு விஷயத்துக்கு என்னிடம் அனுப்பினார். நான் உப்பைப் பற்றிச் சொன்னேன். ஐயா கேட்டுக்கொண்டே சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "தோடம்பழம் விக்கிற விலைக்கு வாங்கேலாது பிள்ளை. உந்தப் படம் தேசிக்காய்க்கும் பொருந்துமோ?" என்றார். தேசிக்காய் என்றால் எலுமிச்சை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை ஒருவரும் என் படத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஓம் ஐயா, ரெண்டும் ஒரே குடும்பம்தான். தோலோட சாப்பிட்டால் நல்லது" என்றேன். சாலட்டுக்கு மேல் கொஞ்சம் தோலைத் துருவிப் போடுவது என் மனதில் இருந்தது. மனதில் இருந்ததை வாயால் சொல்லவில்லை. அட்டையில் இரண்டே வரி எழுதினேன்: 'ஒன்று, உப்பை நன்றாகக் குறைக்கவும். இரண்டு, தேசிக்காய், தோலோடு.' ஐயா அதைப் பதிவுத்தபாலைப் பார்ப்பது போல முன்னும் பின்னும் பார்த்து, கவனமாகப் பையில் வைத்தார்.

"முதலாவது கொஞ்சம் கஸ்டம் பிள்ளை. ஆனா ரெண்டாவது நல்ல மருந்து. அது என்னட்டை இருக்கு."

நாளுக்கு ஒன்று

அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்தார். பிள்ளைக்கு முரசிலிருந்து, அதாவது பல் ஈறிலிருந்து, இரத்தம் வருகிறது, பல் டொக்டர் பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அட்டையில் ஏற்கனவே மூன்று பேர் எழுதி இடத்தை நிரப்பியிருந்தார்கள். மூலையில் மிஞ்சியிருந்த இடத்தில் நான் 'தோடம் – தினம் 1' என்று நெருக்கி எழுதினேன். 'பழம்' என்ற சொல்லுக்கு இடம் காணவில்லை.

தாய் வாசித்தார். முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சங்கதி வெளிவந்தது. எங்கள் சாத்திரிமாரில் சிலர் தோஷத்தைத் தூய தமிழில் 'தோடம்' என்றே எழுதுவார்கள். அந்தப் பிள்ளையின் சாதகத்தில் செவ்வாய்த் தோடம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் அதை வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, பேனையை எடுத்து, அட்டைக்கு வெளியே மேசை விரிப்பு வரைக்கும் நீட்டிப் 'பழம்' என்று எழுதினேன். முதலில் சிரித்தது மகள்தான், முரசு முழுக்கத் தெரிய. அதைப் பார்த்துத் தாயும் சிரித்தார், ஆனாலும் ஆற்றாமை போகவில்லை.

"ஏழு வருசமா ஒரு தோடத்தோடதான் மிஸ் இழுபட்டுக்கொண்டிருக்கிறம். நீங்கள் நாளுக்கு ஒண்டெண்டு எழுதிப்போட்டீங்களே!"

தகரப் பெட்டி

கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது விளக்கம் சொல்வதற்காக ஒரு சின்னத் தகரப் பெட்டியில் காய்ந்த தோடம்பழத் தோல் கொண்டுபோவது என் வழக்கம். ஒரு நாள் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் பெட்டியைக் கண்டான். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கறுத்துச் சுருண்ட துண்டுகளைப் பார்த்து, "மே மொனவத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். "தொடம் பொத்து," என்றேன். தோடம்பழத் தோல். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பெயர் தெரியாத எந்தப் பொருளும் ஓர் ஆளை உள்ளே தள்ளப் போதுமாயிருந்த காலம் அது.

அவன் ஒரு துண்டை மணந்து பார்த்து, மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவனும் மணந்தான். பஸ்ஸில் வந்தவர்கள் வீதியோரம் நின்று என்னையே பார்த்தார்கள். பயத்தில் மனிதர் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. நான் என் உடைந்த சிங்களத்தில் சுவரிலிருந்த படம் முழுவதையும் ஒப்புவித்தேன். வெளித்தோல் நல்லது, வெள்ளைத்தோல் அதைவிட நல்லது, நார் நல்லது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு என் பையைக் கவிழ்த்து உதறினான். சீப்பு விழுந்தது, குடை விழுந்தது, வேறொன்றும் விழவில்லை. அவன் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. சரி அம்மணி, அப்படியென்றால் பழம் எங்கே என்று கேட்டான்.

"ஹரி நோனா, கெடிய கோ?"

மருந்து இரண்டு துண்டு

இரண்டு கிழமை கழித்து வந்தபோது செல்லத்துரை ஐயாவின் பிரசர் நூற்று எழுபத்திரண்டு. டொக்டர் குளிசையைக் கூட்டினார். கூட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஐயாவிடம், ஒரு கிழமைக்கு வாயில் போவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். வழக்கமாக மூன்றாம் நாளோடு நிறுத்திவிடுவார்கள், அல்லது சாப்பிட்ட எண்ணெய்ப் பலகாரம் பற்றிஸை மறைத்துவிடுவார்கள். ஐயா தபால் அதிபர் அல்லவா. கோடு போட்ட கொப்பியில், முத்து முத்தான எழுத்தில், நிமிஷக் கணக்காக எழுதிக்கொண்டு வந்தார். 'மு.ப. 7.10: பாண் மூன்று துண்டு, உப்பில்லாப் பருப்பு. பி.ப. 12.40: சோறு, உப்பில்லாக் கத்தரிக்காய், மருந்து இரண்டு துண்டு. பி.ப. 7.30: இடியப்பம், உப்பில்லாச் சொதி, மருந்து மூன்று துண்டு.' லொட்ஜ் சமையல்காரரைக் கெஞ்சித் தனக்கு மட்டும் உப்பில்லாமல் வைப்பிக்கிறாராம். எனக்கு மனம் உருகியது. இப்படிச் சொன்ன சொல் கேட்கிற ஒருவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"எந்தக் குளிசையை ஐயா துண்டு போட்டுச் சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டேன். "குளிசை இல்லைப் பிள்ளை. நீங்கள் எழுதித் தந்த மருந்து," என்று சொல்லித் தோள்பைக்குள் கைவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். தேசிக்காய் ஊறுகாய். நாலாகப் பிளந்து, உப்பு அடைத்து, வெயிலில் காய்ந்து, தேன் நிறத்துக்கு வந்திருந்த துண்டுகள். முழுக்க முழுக்கத் தோல். பூமணி அம்மா போட்டு, கப்பலில் வந்த தெரிந்த ரீச்சர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. மூடியில் ஒட்டிய தாளில் பூமணி அம்மாவின் கையெழுத்து: 'ஒன்பது வெயில் காட்டினது. ஈரக் கரண்டி போட வேண்டாம்.'

நான் தலையில் கைவைத்தேன். நீங்களே சொல்லுங்கள், யாழ்ப்பாணத்து மனிதர் தேசிக்காயைத் தோலோடு வேறு எப்படிச் சாப்பிடுவார்? நானும் அந்த ஊறுகாயைத் தின்று வளர்ந்தவள்தான். 'தேசிக்காய், தோலோடு' என்றால் எங்கள் வீட்டுக் குசினியிலும் அதற்கு ஒரே அர்த்தம். புத்தகத்தில் படித்த தோலைத்தான் நான் நினைத்தேனே தவிர, வாயில் போட்டு வளர்ந்த தோலை நினைக்கவில்லை. மெடிக்கலுக்கு இன்னும் மூன்று கிழமை. ஒரு மனிதரின் பயணத்தை, அவருடைய மனிசியின் பயணத்தையும் சேர்த்து, என் ஒற்றை வரி கெடுத்துவிட்டதோ என்று பயந்தேன். இதில் இருப்பது தோல் கொஞ்சம், உப்பு நிறைய என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உப்பில்லாத சோறு தொண்டையால இறங்க வேணுமே பிள்ளை. அதுக்குத்தான் நீங்கள் ரெண்டாவது மருந்து எழுதினனீங்கள் எண்டு நினைச்சனான்."

மணத்தில் உப்பு

போத்தலை அவரே என்னிடம் ஒப்படைத்தார். அறையில் இருந்தால் கை சும்மா இராதாம். நான் அதை நிறை பார்க்கிற தராசுக்குப் பக்கத்தில் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐயா பிரசர் பார்க்க வருவார். பார்த்து முடிந்த பிறகும் எழும்பிப் போகமாட்டார். மின்விசிறியைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், கடைசியில் அலுமாரியைப் பார்ப்பார். மூன்றாம் முறைதான் எனக்கு விளங்கியது. நான் அலுமாரித் திறப்பை எடுத்து, போத்தலை அவர் முன் வைத்தேன்.

அவர் மூடியைக் கழற்றி, கண்ணை மூடி, மணந்து பார்த்தார். ஊரிலிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. தொலைபேசி நிலையத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்தும் லைன் கிடைக்கவில்லை. கப்பல் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வாழ்க்கை முழுவதும் ஊராருக்குக் கடிதம் சேர்த்த மனிதருக்கு மனிசியிடமிருந்து வந்துசேர்ந்தது அந்தப் போத்தல் ஒன்றுதான். கண்ணைத் திறக்காமலே, "மணத்தில உப்பு இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். என் படத்தில் வெளித்தோலுக்கு நேரே அம்பு போட்டு 'வாசனை எண்ணெய்' என்று எழுதியிருந்தது இதைத்தான். ஆனால் அது இப்படி ஒருவருக்குத் தேவைப்படும் என்று எண்ணி நான் எழுதவில்லை. "இல்லை ஐயா, மணத்தில உப்பு இல்லை. ஆசை தீர மணந்து பாருங்கோ," என்றேன்.

ஊறுகாய் நின்றது, புதுக் குளிசையும் வேலை செய்தது. நூற்று அறுபது, நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று நாற்பத்தாறு என்று படிப்படியாக இறங்கியது. ஐயா மேலே வந்து போத்தலைத் திறந்துவிட்டுத்தான் கீழே மருந்து வாங்கப் போகிறார் என்பதை ரஃபீக் நானா கவனித்துவிட்டார். ஒரு நாள் படிக்கட்டில் என்னை மறித்தார்.

"மிஸ், நீங்க மருந்துத் துண்டில 'ரெண்டு நாளைக்கி ஒருக்கா மோந்து பாக்க' எண்டே எழுதி அனுப்புங்க, நாங்களும் பழகிக்கிறோம்."

ஒன்பது வெயில்

கடல் கொந்தளிப்பு என்று ஒரு கப்பல் வரவில்லை. அடுத்தது வருமென்றார்கள், பிறகு வராதென்றார்கள். மெடிக்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஐயாவின் பிரசர் மறுபடி பத்துப் புள்ளி ஏறியது. அதற்கு என்னிடம் அட்டையும் இல்லை, படமும் இல்லை. நான் அலுமாரியைத் திறந்து போத்தலைக் கொடுத்தேன். நான்கு நாள் மட்டும் மிஞ்சியிருந்தபோது கப்பல் வந்தது. பூமணி அம்மாவும் அதில் வந்தார்.

மெடிக்கலுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். ஐயாவுக்கு நூற்று முப்பத்தெட்டு. டொக்டர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மறுநாளே போத்தலை வாங்க இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். பூமணி அம்மா சின்ன உருவம், பருத்திச் சேலை, கப்பல் வாந்தியில் களைத்த முகம். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்க முதல் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களோ பிள்ளை என்ர ஊறுகாயை அலுமாரியில பூட்டின ஆள்?" என்று கேட்டார். நான் பிழை என்னுடையதுதான், ஐயாவுக்கு விளக்கமாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூடியைக் கழற்றி, ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். உடனே முகத்தைச் சுளித்தார். பூமணி அம்மா ஐயாவைப் பார்க்கவில்லை. போத்தலின் மூடியை இறுக்கி மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"உவருக்கும் பிழையில்லை, உங்களுக்கும் பிழையில்லைப் பிள்ளை. நான் ஒருநாளும் உவ்வளவு உப்புப் போடுறேல்லை. பாதை எப்ப திறக்கும், நான் எப்ப வந்து சேருவன் எண்டு தெரியாது. நான் வரும்வரைக்கும் பழுதாப் போகாம இருக்கட்டும் எண்டுதான் ரெண்டு மடங்கு போட்டனான்."

தோலில் இருப்பது இன்னது, சுளையில் இருப்பது இன்னது என்று அவ்வளவு பவிசாக வரைந்து தொங்கவிட்ட என் படத்தில், அந்த இரண்டாவது மடங்கு உப்புக்கு எந்த இடத்தில் அம்பு போடுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.